காற்று நிற்கும்போது தேயும் உலோகம்: கஞ்சிக்கோட்டுக்கு எந்த ஹைட்ரஜன் வினையூக்கி?

கேரளத்தின் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பளபளப்புக் குன்றாமல் பதப்படுத்தும் உலை ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பதினாறு சிலிண்டர் ஹைட்ரஜன் தேவைப்படுகிறது. வாளையாற்றைத் தாண்டி லாரியில் வரும் அந்தச் சிவப்புச் சிலிண்டர் ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாத எஃகு. அதனுள் அடைபட்டிருக்கும் ஏழு கன மீட்டர் வாயுவின் எடையோ ஏறத்தாழ 600 கிராம்தான். பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான வாயுவுக்காக நாள்தோறும் ஏறத்தாழ ஒரு டன் இரும்பை ஏற்றி இறக்குகிறோம் என்பது உலை உரிமையாளருக்கு நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜனை உலைக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் என்ன என்று அவர் கேட்டபோது, கொழிஞ்சாம்பாறையில் நிக்கல் முலாம் பூசும் பட்டறை நடத்துகிற என்னையும் கூட்டாகச் சேர்த்துக்கொண்டார். "நிக்கல்தானுங்களே அண்ணா, நம்ம கடைச் சரக்குதானே" என்பது அவருடைய வாதம். அந்த வாதம் எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதற்காக நான் படித்ததும் கணக்கிட்டதுமே இந்தக் கட்டுரை.

நாட்டின் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தரப்பட்டது; 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது அதன் இலக்கு. எங்கள் கேள்வி நாளுக்குப் பத்துக் கிலோவைப் பற்றியது. ஆனால் தண்ணீரைப் பிரிக்கும் கலம் சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் அதன் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மின்வாயின் மேல் பூசப்பட்ட, தாளைவிட மெல்லிய ஒரு வினையூக்கிப் படலம்தான் (வினையூக்கி என்பது வினையை எளிதாக்கும் பொருள்) என்பதால், பெரிய ஆலைகளுக்காக நடக்கும் ஆராய்ச்சி எங்களுக்கும் உதவுகிறது.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் ஒரு கலத்துக்கு 1.8 முதல் 2 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதலில் பெரும்பகுதியை விழுங்குவது ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்வாய். அங்கே ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் உருவாக நான்கு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்துக் கைமாற வேண்டும் என்பதே காரணம். வினையூக்கி நல்லதாக இருந்தால் இந்த வோல்ட் குறையும், தேய்ந்தால் கூடும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட் மின்சாரம் என்பது மாறாத கணக்கு. எனவே 1.9 வோல்ட்டில் ஓடும் கலத்துக்குக் கிலோவுக்கு ஐம்பது யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், வோல்ட் 0.1 ஏறினாலே 2.66 யூனிட் கூடுதல். மணிக்கு 5 மைக்ரோவோல்ட் வீதம் தேய்மானம் என்று வைத்துக்கொண்டால், கேட்பதற்கு அது ஒன்றுமில்லாதது போல இருக்கும். 60,000 மணி நேரத்தில் அது 0.3 வோல்ட் ஆகி, கிலோவுக்கு எட்டு யூனிட்டைக் கூடுதலாகத் தின்னும். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்றால், பத்துக் கிலோ எடுக்கும் நாளில் 560 ரூபாய் வெறும் தேய்மானத்துக்குப் போகும்.

இனி இடத்தின் தன்மை. எங்கள் திட்டத்துக்கு மின்சாரம் வரவேண்டியது உலைக் கூரையின் சூரியத் தகடுகளிலிருந்தும், பக்கத்துக் காற்றாலையிலிருந்தும். பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள வாசல். தென்மேற்குப் பருவத்தில் அதன் வழியே புகும் காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் 1990களிலேயே மின்வாரியம் காற்றாலைகளை நட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உண்மைதான், ஆனால் அம்மி ஒரே சீராகப் பறப்பதில்லை. மேகம் வரும், காற்று விழும், பத்து நிமிடத்தில் மீண்டும் எழும். ஐப்பசியில் பல நாள் இலை அசையாது. மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வேறு வந்து சேரும். (பொள்ளாச்சிப் பக்கத்துக் காற்றாலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் சுற்றிக்கொண்டிருந்தாலும், கம்பி மாநில எல்லையைத் தாண்டினால் இரண்டு மின்வாரியங்களின் கணக்கு என்பதால் அதைப் பேச்சிலேயே விட்டுவிட்டோம்.)

விற்பனையாளர்களின் கையேடுகளில் ஆயுள் மணி நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2020-ல் தந்த மதிப்பீட்டின்படி, காரக் கரைசலில் ஓடும் கலங்களுக்கு 60,000 மணி, அமிலச் சவ்வுக் கலங்களுக்கு 50,000 முதல் 80,000 மணி, எதிரயனிச் சவ்வுக் கலங்களுக்கு 5,000 மணிக்கு மேல். (இந்த மூன்று வகைகளையும் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.) எங்கள் காற்றும் வெயிலும் சேர்ந்து ஆண்டுக்கு 3,000 மணி ஓட்டம் தரும் என்று வைத்துக்கொண்டால், 60,000 மணி என்பது இருபது ஆண்டு. அப்படிப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இருபது ஆண்டில் சூரியன் மறைவதால் மட்டும் 7,300 முறை கலம் நிற்கும். மேகமும் காற்றும் செய்யும் நிறுத்தங்கள் அதற்கு மேல். உலோகம் தேய்வது ஓடும்போது மட்டுமன்று, நிற்கும்போதும்தான் என்று தெரிந்த பிறகு, கையேட்டின் மணிக்கணக்கை நான் இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டேன்.

முதல் தேர்வு அமிலச் சவ்வுக் கலம். புரோட்டானை மட்டும் கடத்தும் ஃப்ளூரின் கலந்த பாலிமர்ச் சவ்வு, ஒரு பக்கம் பிளாட்டினம், மறுபக்கம் இரிடியம் ஆக்சைடு, அவற்றைத் தாங்க டைட்டேனியம். கலம் கையடக்கமானது; காற்றின் ஏற்ற இறக்கத்துக்கு நொடிகளில் ஈடுகொடுக்கும்; முப்பது பார் அழுத்தத்தில் வாயுவைத் தருவதும் உண்டு. இரிடியம் ஏன் என்றால், அமிலத்திலும் அவ்வளவு உயர் மின்னழுத்தத்திலும் அதிகம் கரையாமல் தாக்குப்பிடிக்கிற உலோகம் வேறு கிடைக்கவில்லை. ருத்தேனியம் அதைவிடச் சுறுசுறுப்பானது, ஆனால் விரைவில் கரைந்து போய்விடுகிறது. இரிடியமோ பிளாட்டினச் சுரங்கத்தின் துணைப்பொருள்; உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது, அதிலும் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து. 2021-ல் அதன் விலை அவுன்சுக்கு 6,000 டாலரைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்காகத்தான் இருந்தது.

இரிடியம் அரிது என்பதைக் காட்டி இந்தக் கலத்தை ஒதுக்குகிறவர்கள் பலர். உலக அளவில் அது நியாயமான கவலை. எங்கள் அளவில் அப்படியில்லை. கிலோவாட்டுக்கு அரை கிராம் என்று எடுத்துக்கொண்டால் 100 கிலோவாட் கலத்துக்கு ஐம்பது கிராம். அவுன்ஸ் 5,000 டாலர் என்றாலும் 8,000 டாலர். இயந்திரத்தின் மொத்த விலையில் அது ஒரு பகுதி மட்டுமே. என்னை யோசிக்க வைத்தவை வேறு இரண்டு. ஒன்று, மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது இரிடியத்தின் மேற்பரப்பு ஆக்சைடாகவும் உலோகமாகவும் மாறி மாறிப் போவதால், சீரான ஓட்டத்தில் கரைவதைவிட அதிகமாகக் கரைகிறது. சிக்கனத்துக்காக மெல்லிதாகப் பூசிய கலங்களில் இது இன்னும் சீக்கிரம் வெளித்தெரியும். இரண்டாவது, தண்ணீர். கால்சியம், மக்னீசியம், இரும்பு அயனிகள் எதுவும் சவ்வுக்குள் புகுந்தால் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு கூடுதலாகச் சவ்வையே அரிக்கும். கிழக்குச் சித்தூர்ப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை பற்றி இங்கே குடியிருக்கும் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை ஏடே சாட்சி. அளவைப் பொறுத்தவரை கவலையில்லை: கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் நீர், சுத்திகரிப்புக் கழிவையும் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு, நாளுக்கு இருநூறு லிட்டர் என்பது ஒரு வீட்டுத் தொட்டி. குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதை எதிர்த்துப் போராட்டம் நடந்த பிளாச்சிமடையை மறக்காத ஊர்க்காரர்களிடம் இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அதில் கலத்துக்குள் போகும் ஒவ்வொரு துளியும் சுத்திகரிப்புக் கருவி ஒரு நாள்கூடத் தவறாமல் தந்த நீராக இருக்க வேண்டும்.

இரண்டாவது தேர்வு, நூறாண்டு பழகிய காரக் கலம். எண்பது டிகிரிச் சூட்டில் முப்பது சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நிக்கல் மின்வாய்கள், நடுவில் வாயுக்களைப் பிரிக்கும் தடுப்பு. கரைசல் ஒரு துளி கையில் பட்டால் சோப்பு நீர்போல வழுவழுப்பாக இருக்கும்; அந்த வழுவழுப்பு நம் தோல் கரைவதுதான் என்பதைப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். இத்தகைய கலங்கள் நார்வேயின் ரூக்கனிலும், எகிப்தின் அஸ்வானிலும், பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு 1960களில் நம் நாட்டு நங்கலிலும் பல ஆண்டுகள் உழைத்தன. மூன்று இடத்துக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்றும் அணை மின்சாரம். இரவும் பகலும் ஒரே சீராக வந்த மின்சாரத்தில் நிக்கல் சம்பாதித்த நற்பெயரை அப்படியே கணவாய்க் காற்றுக்கு மாற்றி எழுத முடியாது.

காரணம் பின்னோட்டம். காரக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு, பொதுக் குழாய் வழியாகக் கரைசலைப் பகிர்ந்துகொள்கின்றன. மின்சாரத்தை நிறுத்தியதும் அடுக்கு முழுவதும் ஒரு மின்கலத்தைப் போல நடந்துகொள்ளும். ஹைட்ரஜன் பக்கமும் ஆக்சிஜன் பக்கமும் அந்தப் பொதுக் கரைசல் வழியே எதிர்த்திசையில் மின்னோட்டத்தைத் தள்ளும். அப்போது ஹைட்ரஜன் பக்கத்து நிக்கல் ஆக்சைடாகிறது, ஆக்சிஜன் பக்கத்து ஆக்சைடு எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுக்கமடைகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே கதை என்றால், படலம் விரிந்து சுருங்கி உதிரும். இது தவிர, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்போது ஹைட்ரஜன் தடுப்பைக் கடந்து ஆக்சிஜனில் கலக்கிறது. நான்கு சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கக்கூடியது என்பதால் அதற்கு வெகு முன்பே கலத்தை நிறுத்த வேண்டும். அது இன்னொரு நிறுத்தம்.

இவ்வளவு குறை இருந்தும் நான் நிக்கலின் பக்கம் சாய்வதற்குக் காரணம், அதன் நீடிப்பு நடக்கும் விதம். ஒரு வினையூக்கி நீடித்து நிற்க இரண்டு வழி உண்டு. எளிதில் கரையாத உலோகத்தைத் தேடுவது ஒன்று, அதுதான் இரிடியம். கரைந்தாலும் திரும்பி வந்து அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி செய்வது மற்றொன்று. முலாம் பூசுகிறவனுக்கு இரண்டாவது வழி வயிற்றுப்பாடு: எங்கள் தொட்டியில் நிக்கல் துண்டு கரைகிறது, அதே நிக்கல் வேலைப்பொருளின் மேல் படிகிறது, நாள் முழுவதும் அதுதான் நடக்கிறது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாத்யூ கனனும் டேனியல் நோசராவும் 2008-ல் அறிவித்த கோபால்ட்–பாஸ்பேட் படலம் இந்த வழியைச் சேர்ந்தது. கரைசலுக்குள் நழுவும் கோபால்ட் மின்னழுத்தம் இருக்கும்வரை மீண்டும் படிந்து தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்கிறது.

காரக் கலத்தில் இந்த வேலையைச் செய்வது இரும்பு. நிக்கல் தொட்டியில் இரும்பு புகுந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். முலாம் சொரசொரப்பாகி ஊசிக்குத்துப் போலக் குழி விழும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, காரத்தன்மையைச் சற்று ஏற்றி, இரும்பை மண்டியாக்கி, கரி வழியே வடிகட்டி எடுத்தால்தான் மறுநாள் வேலை ஓடும். அப்படிப் பழகிய எனக்கு, டென்னிஸ் காரிகன் 1987-ல் எழுதியதைப் படித்தபோது தலைகீழாக இருந்தது: காரக் கரைசலில் தற்செயலாகக் கலந்த மிகச் சிறிதளவு இரும்பே நிக்கல் ஆக்சைடின் ஆக்சிஜன் தரும் திறனைப் பன்மடங்கு உயர்த்துகிறது. சுத்த நிக்கலின் பெருமை என்று பல காலம் எண்ணியதில் ஒரு பங்கு இந்த அழுக்கின் பெருமை. அமிலச் சவ்வை அரிக்கும் அதே இரும்பு இங்கே மருந்து. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தார் 2020-ல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். நிக்கல் மேற்பரப்பிலிருந்து இரும்பு ஓயாமல் கரைவதும், கரைசலில் இருக்கும் இரும்பு ஓயாமல் படிவதும் சமன்பட்டிருக்கும்வரை வினையூக்கி தளராது. கரைசலிலிருந்து இரும்பை அறவே நீக்கினால் தளர்ந்துவிடும். ஆகவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பைக் கணக்காக வைத்திருப்பதும் ஒரு பராமரிப்பு வேலை. தொட்டியின் சேர்மானத்தை வாரந்தோறும் சோதித்துப் பழகிய எங்களுக்கு அது புதிய வேலையன்று.

ஹைட்ரஜன் பக்கத்துக்கு ரானே நிக்கல். நிக்கலையும் அலுமினியத்தையும் கலந்து பூசி, சூடான காரத்தில் அலுமினியத்தை மட்டும் கரைத்தெடுத்தால், கடற்பஞ்சு போன்ற துளைகளோடு நிக்கல் எஞ்சும். டென்னசியில் மர்ரே ரானே 1920களில் இதைச் செய்தது பருத்தி விதை எண்ணெயை இறுகச் செய்வதற்காக; நம் வீடுகளுக்கு வந்த வனஸ்பதியின் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் இதே வகை. உலர்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால் எப்போதும் ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னோட்டத்தைத் தாங்குவதில் இதற்கு ஓர் இயல்பான வசதி இருக்கிறது: துளைகளில் தேங்கிய ஹைட்ரஜனும் விரிந்த மேற்பரப்பும் முதலில் செலவாவதால், அடியில் இருக்கும் உலோகம் அடிபடச் சற்று நேரம் கிடைக்கிறது. இதைப் பட்டறையில் செய்ய இன்னொரு வழியும் உண்டு. நிக்கலையும் துத்தநாகத்தையும் சேர்த்து முலாமாகப் பூசி, துத்தநாகத்தைக் காரத்தில் கரைத்துவிடலாம். தொட்டி, ரெக்டிஃபயர், கரைசல் எல்லாம் எங்களிடமே இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கேட்பதற்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த நிறுவனம் அது.

மூன்றாவது தேர்வான எதிரயனிச் சவ்வுக் கலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரோட்டானுக்குப் பதிலாக எதிர்மின்னூட்டமுள்ள அயனிகளைக் கடத்தும் சவ்வு இதில் இருக்கிறது; அடர்ந்த காரம் வேண்டாம், இரிடியம் வேண்டாம், நிக்கலும் இரும்பும் போதும். கேட்க இனிமையாக இருக்கிறது. அசாமின் ஜோர்ஹாட்டில் ஆயில் இந்தியா 2022 ஏப்ரலில் தொடங்கிய 100 கிலோவாட் நிலையம் இந்த வகைதான், நாளுக்குப் பத்துக் கிலோ என்பதால் எங்கள் அளவுக்கு அச்செடுத்தாற்போலப் பொருந்துகிறது. ஆனால் இங்கே முதலில் தளர்வது உலோகமன்று, சவ்வும் வினையூக்கித் துகள்களைப் பிடித்துவைக்கும் பாலிமரும். உலோகம் ஐந்து ஆண்டு நிற்கும், பிடித்திருக்கும் பசை இரண்டு ஆண்டு நிற்கும் என்றால் இரண்டுதான் கணக்கு.

காத்திருப்பது நான்காவது வழி. 2024-ல் மட்டும் மூன்று செய்திகள் வந்தன. ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தார் மாங்கனீஸ் டைஆக்சைடின் படிக அமைப்பை மாற்றி அமிலச் சவ்வுக் கலத்தில் 1,000 மணி நேரம் ஓட்டினார்கள். அதே குழுவினர் மாங்கனீஸ் ஆக்சைடின் மேல் இரிடியத்தை அணு அணுவாகத் தூவி, வேண்டிய இரிடியத்தை 95 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். பார்சலோனாவின் ஒளியியல் ஆய்வு நிறுவனத்தார் கோபால்ட்–டங்ஸ்டன் ஆக்சைடைச் சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஆம்பியரில் 600 மணிக்கு மேல் ஓட்டினார்கள். மாங்கனீசும் கோபால்ட்டும் அமிலத்தில் சில மணி நேரம் நின்றாலே வியப்பு என்றிருந்த நிலையில் இவை பெரிய தாண்டல்கள்தாம். ஆனாலும் 1,000 மணி என்பது நாற்பத்தொரு நாள்: ஆடி பிறந்து ஆவணி பாதி முடிவதற்குள் தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் சீரான மின்னோட்டத்தில் பெற்றவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் கோபால்ட் படலமும் மின்னழுத்தம் இருக்கும்வரைதான் செப்பனிடும்; காற்று நின்றால் மருத்துவரும் போய்விடுகிறார்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தபின் நான் பரிந்துரைத்தது காரக் கலத்தை, இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, காற்றும் வெயிலும் இல்லாத நேரத்திலும் மின்வாய்கள் வெறுமனே கிடக்கக் கூடாது. பின்னோட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் ஒரு சிறு மின்னோட்டத்தை மின்வாரிய இணைப்பிலிருந்தோ மின்கலத்திலிருந்தோ இரவெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் சொட்டுச் சொட்டாக வரும் வாயுவை நைட்ரஜனால் தள்ளிவிட ஏற்பாடும் வேண்டும். இரண்டாவது, மின்வாய்களைக் கழற்றி மறுபூச்சு செய்ய விற்பனையாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். உள்ளூர்ப் பூச்சு ஆலைப் பூச்சின் தரத்தைத் தொடும் என்று நான் உறுதிமொழி தரமாட்டேன். ஆனால் ஐந்தாம் ஆண்டில் ஒரு கலம் தளர்ந்தால் கடல் கடந்து அனுப்பாமல் கொழிஞ்சாம்பாறையில் வைத்தே பழுது பார்க்க முடியும் என்பது இரிடியத்தால் தர முடியாத வசதி. மின்வாரியத்தின் சீரான மின்சாரத்தையே முழுதும் நம்பி, இடம் குறுகலாகவும் வாயு அழுத்தத்தோடும் வேண்டியிருக்கும் ஓர் ஆய்வகமோ மருந்து ஆலையோ கேட்டால், யோசிக்காமல் அமிலச் சவ்வுக் கலத்தையே சொல்வேன்.

உலை உரிமையாளருக்கு முழுத் திருப்தி இல்லை. நூறாண்டுப் பழைய சரக்குக்குப் பணம் போடுகிறோமோ என்று அவருக்கு ஒரு தயக்கம். ஆகவே விலைப்புள்ளி கேட்டு அனுப்பிய கடிதத்தில், விலைக்கும் மணி நேரத்துக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, "எத்தனை முறை முழுவதும் நிறுத்தி மீண்டும் தொடங்கிய பின், ஒரு கலத்துக்கு எத்தனை மில்லிவோல்ட் ஏறியிருந்தது" என்று எழுதினோம். இதுவரை ஒரு பதில் வந்திருக்கிறது. விலை அச்சில் இருந்தது, மணி நேரம் அச்சில் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் "கலந்து பேசலாம்" என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.